தெருவுக்குள் காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் காயும் துணி படபடக்கிறது. அதே வீட்டின் வாசலில் நின்றால் வியர்த்துக் கொட்டுகிறது. நான்கு கட்டடம் தள்ளி, உயரமான ஒரு மாளிகையின் முனையில் கையிலிருக்கும் குடை பின்பக்கமாக மடங்கிப் போகிறது. எல்லாம் ஒரே நாள், ஒரே காற்று. காற்றை வானம் தருகிறது. அது தெருவுக்குள் வருமா, எந்தப் பக்கமாக வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்பதையெல்லாம் கட்டடங்கள் தீர்மானிக்கின்றன. கட்டடங்களைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வானிலை அறிக்கை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசும் என்கிறது. என் தெருவில் இலைகூட அசையவில்லை. அறிக்கை தவறா?

தவறில்லை. வானிலை நிலையங்கள் காற்றை அளப்பது சுற்றிலும் தடையில்லாத திறந்தவெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில். பத்து நிமிடச் சராசரியைத்தான் காற்றின் வேகம் என்று சொல்கிறார்கள். ஒரு திடலில் அளந்த அந்த எண்ணுக்கும், மூன்று மாடிக் கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் உங்களுக்கும் இடையில் நிறைய நடந்துவிடுகிறது.

காற்று தரையோடு உராய்ந்துகொண்டே போகிறது. நீர்ப்பரப்பின் மேல் உராய்வு குறைவு, வயல்வெளியில் சற்று அதிகம், நகரத்தில் மிக அதிகம். ஒவ்வொரு கட்டடமும் காற்றின் வேகத்தில் ஒரு பங்கைப் பறித்து, அதைச் சிறு சிறு சுழல்களாகச் சிதறடிக்கிறது. நகரத்தின் மேல் காற்று தன் முழு வேகத்தை எட்ட வேண்டுமானால் சில நூறு மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். கூரை மட்டத்துக்குக் கீழே இருப்பதை நகரத் தட்பவெப்பம் படிப்பவர்கள் தனி உலகமாகவே வைத்துப் பேசுகிறார்கள். காட்டில் மரத்தழைகளுக்குக் கீழே வேறு ஒரு காற்று நிலவுவதைப்போல, நகரத்தில் கூரைகளுக்குக் கீழே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் ஓக் 1976இல் அதை நகரக் கவிகை அடுக்கு என்று பிரித்துக் காட்டினார். நாம் நடப்பது, மூச்சுவிடுவது, சன்னலைத் திறப்பது எல்லாம் அந்த அடுக்குக்குள்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நகரத்தில் சராசரி வேகம் குறைகிறதே தவிர, காற்று சீராக வருவதில்லை. ஐந்து நிமிடம் அசைவே இருக்காது. திடீரென்று புழுதியை வாரி இறைத்துவிட்டு மறுபடி அடங்கிவிடும்.

கூரையின் மேல் கொடி ஒரு பக்கம் பறக்கிறது. தெருவில் கிடக்கும் தாள் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறது. எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் பதிலைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வடக்கு தெற்காக ஓடும் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் இடைவெளியில்லாமல் கட்டடங்கள். தெருவின் அகலமும் கட்டடங்களின் உயரமும் ஏறக்குறைய சமம். காற்று மேற்கிலிருந்து வந்து கூரைகளின் மேலாகக் கிழக்கு நோக்கிப் போகிறது. தெருவைத் தாண்டும்போது அதில் ஒரு பங்கு கிழக்கு வரிசைச் சுவரில் மோதிக் கீழே இறங்குகிறது. தரையைத் தொட்டதும் தெருவின் குறுக்கே மேற்கு நோக்கித் திரும்புகிறது. பிறகு மேற்கு வரிசைச் சுவரை ஒட்டி ஏறி, மறுபடியும் கூரைக்காற்றோடு சேர்ந்துகொள்கிறது. தெருவின் நீளத்துக்குப் படுக்கவைத்த உருளை ஒன்று இடைவிடாமல் சுற்றுவதைப்போன்ற சுழல் இது. மேலே காற்று மேற்கிலிருந்து வந்தாலும், தரையில் நிற்கும் உங்கள் முகத்தில் அது கிழக்கிலிருந்து அடிக்கும்.

ஒருநாள் மாலை நான்காவது மாடி சன்னலில் நின்று ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச்சுவரை ஒட்டி அது இறங்கியது. தெருவைக் குறுக்கே கடந்தது. எனக்குக் கீழே இருந்த சன்னல்களைத் தாண்டி மேலே ஏறி, கை நீட்டினால் எட்டும் தொலைவில் என் முகத்துக்கு நேரே வந்தது. கூரை விளிம்பை நெருங்கியதும் எதிர்ப்பக்கம் சாய்ந்து மறுபடி இறங்கத் தொடங்கியது. இப்படி மூன்று சுற்று. நான்காவது சுற்றில் ஒரு கம்பியில் சிக்கிக்கொண்டது. படங்களில் அம்புக்குறியாகப் பார்த்துவந்த சுழல் அன்றைக்கு எனக்கு உயிரோடு கண்ணில் பட்டது.

அப்படியானால் எந்தப் பக்க நடைபாதையில் நடந்தால் வாகனப் புகை குறைவு?

மேலே சொன்ன தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குச் சுவரில் இறங்குவது மேலிருந்து வரும் புதுக்காற்று. அது சாலையைக் கடக்கும்போது வாகனப் புகையை அள்ளிக்கொண்டு மேற்குச் சுவருக்குப் போகிறது. ஆகவே காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தப் பக்க நடைபாதையில்தான் புகை அதிகம். பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். காற்று வரும் பக்கம்தான் தூய்மையாக இருக்கும் என்று மனம் சொல்லும். ஆனால் பல நகரங்களில் அளந்து பார்த்து உறுதியான செய்தி இது. ஒரே தெருவில், ஒரே நேரத்தில், எதிரெதிர் நடைபாதைகளில் புகையின் அளவு இரண்டு மடங்குக்கு மேல்கூட வேறுபடுவதுண்டு.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. காற்று தெருவுக்குக் குறுக்கே வர வேண்டும், ஓரளவு வேகம் இருக்க வேண்டும், கட்டடங்களின் உயரம் மிகவும் மாறுபடக் கூடாது. நாற்சந்தியை நெருங்க நெருங்க இந்த ஒழுங்கு குலைந்துவிடும். அங்கே நான்கு தெருக்களின் காற்றும் கலப்பதால் செங்குத்தான சுழல்கள் உருவாகின்றன.

காற்றுத் தர அளவைக் கருவியை எங்கே பொருத்துகிறார்கள் என்பதும் இதனால் பெரிய விஷயமாகிறது. ஒரு பக்கம் மட்டும் ஒரே ஒரு கருவியை வைத்துவிட்டு, அந்தத் தெருவில் வாழும் அனைவரும் மூச்சிழுப்பது இதைத்தான் என்று சொல்லிவிட முடியாது.

தெரு எவ்வளவு அகலமாக இருந்தால் காற்று நன்றாக வரும்?

அகலத்தை மட்டும் பார்க்காமல், உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டட உயரத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் அகலமான தெருவில், முதல் வரிசையைத் தாண்டிய காற்று தரைக்கு இறங்கி, நிதானித்து, அடுத்த வரிசையைச் சந்திக்கிறது. தெரு கொஞ்சம் குறுகினால், முதல் கட்டடத்தின் பின்னால் உண்டான கலக்கம் அடங்குவதற்குள் அடுத்த கட்டடம் வந்துவிடுகிறது. உயரம் அகலத்தில் முக்கால் பங்கை நெருங்கும் நிலையிலிருந்து காற்று தெருவை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை; கூரைகளின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. தெருவுக்குள் நாம் பார்த்த அந்தச் சுழல் மட்டும் மிஞ்சும்.

கட்டடங்கள் தெரு அகலத்தைவிட இரண்டு மடங்கு உயரமானால் அந்தச் சுழலும் அடிவரை எட்டாது. மேலே ஒரு சுழல், அதற்குக் கீழே எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றும் இன்னொரு சுழல் என்று இரண்டாகப் பிரியும். கீழே உள்ளது மிகவும் வலுவில்லாதது. கிணற்றின் அடியில் நிற்பதுபோல, நேற்றைய புகையும் இன்றைய புகையும் அங்கேயே தேங்கும்.

அதற்காகக் குறுகிய தெருக்களையெல்லாம் குற்றம் சொல்லிவிட முடியாது. குறுகிய தெரு வெயிலைத் தடுக்கிறது. வாகனம் ஓடாத, நிழல் விழுந்த ஒரு சந்தில் நடப்பது, காற்றடிக்கும் அகலச் சாலையில் வெயிலில் நடப்பதைவிட எவ்வளவோ மேல். சிக்கல் எங்கே என்றால், குறுகிய பழைய தெருவில் உயரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போய், அதே தெருவில் வாகனங்களையும் ஓடவிடுவதில்தான்.

காற்று தெருவின் நீளவாட்டிலேயே வந்தால்?

தெரு வாய்க்காலாகிவிடும். காற்று தங்குதடையின்றி ஓடும், புகையையும் அடித்துக்கொண்டு போகும். நீளமான தெருவில் போகப் போக உராய்ந்து வேகம் குறையும் என்பதும் உண்மை. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வது முதல் வீட்டைத் தொட்ட காற்றும் முதல் வீட்டுப் புகையும்.

சாய்வாக வரும்போது இரண்டும் கலந்து, திருகாணிபோலச் சுற்றிக்கொண்டே தெருவில் முன்னேறும். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் முக்கியத் தெருக்களைப் பெரும்பான்மைக் காற்றுத் திசைக்கு 30 டிகிரி அளவு சாய்வாக அமைக்கலாம் என்று பரிந்துரைப்பது இதனால்தான். தெருவிலும் காற்று ஓடும், இரு பக்க வீடுகளுக்குள்ளும் காற்றைத் தள்ளப் போதிய அழுத்த வேறுபாடு சுவர்களில் கிடைக்கும்.

உயரமான கட்டடத்தின் அடியில் மட்டும் ஏன் அப்படிப் பேய்க்காற்று வீசுகிறது?

உயரே போகப் போகக் காற்றுக்கு வேகம் அதிகம் என்று பார்த்தோம். சுற்றியுள்ள கூரைகளைத் தாண்டி ஒரு கட்டடம் தனியாக நிமிர்ந்து நிற்கும்போது, அந்த வேகக்காற்று அதன் நெஞ்சில் மோதுகிறது. உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அளவில் ஒரு பிரிவுப் புள்ளி உண்டு. அதற்கு மேலே மோதுவது கூரையைத் தாண்டிப் போகிறது. பக்கங்களில் மோதுவது விளிம்புகளைச் சுற்றிப் போகிறது. கீழே மோதுவது சுவரோடு வழிந்து தரைக்கு வருகிறது. தரையில் விழுந்த காற்று அங்கே நிற்க இடமில்லாமல் கட்டடத்தின் இரு முனைகளையும் சுற்றி விரைகிறது. குடை மடங்குவது அந்த முனையில்தான். உயரத்தில் யாரையும் தொடாமல் போயிருக்க வேண்டிய காற்றை, கட்டடம் பிடித்து நடைபாதைக்கு இறக்கிவிடுகிறது.

கட்டடத்தின் அடியில் திறந்த வழி இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. முன்பக்கம் அழுத்தம் அதிகம், பின்பக்கம் குறைவு. இரண்டையும் இணைக்கும் ஒரே வாசல் அந்த வழி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1964இல் எழுந்த கிரீன் கட்டடம் இதற்குப் பெயர்போனது. அதன் அடித்தளத்தின் வளைவு வழியே பாய்ந்த காற்றில் கதவுகளைத் திறப்பதே பெரும்பாடாகி, சுழல்கதவுகள் வைக்க வேண்டி வந்தது. வானிலை ஆய்வுத் துறையே அந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது என்பதை நினைத்தால், காற்றைப் பற்றித் தெரிந்திருப்பதும் கட்டடம் வரையும்போது அதைக் கேட்பதும் எவ்வளவு தள்ளித் தள்ளி நடக்கின்றன என்பது புரியும். அதற்கும் வெகு முன்பே, 1902இல் நியூயார்க்கில் கட்டி முடிக்கப்பட்ட முக்கோண வடிவ ஃபிளாட்அயர்ன் கட்டடத்தின் முனைக்காற்று ஊர்ப்பேச்சாக இருந்தது.

இது வெறும் அசௌகரியத்தோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 112 மீட்டர் உயரமுள்ள பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் 2007இல் எழுந்தது. 2011 மார்ச் மாதத்தில் பலத்த காற்று வீசிய ஒரு நாள், அதன் அடியில் ஒரு லாரி கவிழ்ந்து நடந்து சென்றவர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் காற்று கடுமையாகும் நாள்களில் அங்கே சாலையையே மூட வேண்டி வந்தது. பல ஆண்டுகள் கழித்துச் சாலையின் குறுக்கே பெரிய தடுப்புத் தகடுகளை நிறுத்தினார்கள். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றித் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று, ஓர் உயிருக்குப் பிறகு எஃகிலும் கண்ணாடியிலும் திருத்தப்பட்டது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே குறுகலான சந்தில் காற்று வேகமெடுப்பது, குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவதைப்போலத்தானே?

பலர், கட்டடக் கலைஞர்கள்கூட, அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒப்புமை முழுவதும் பொருந்தாது. குழாயில் உள்ள தண்ணீருக்கு வேறு போக்கிடமில்லை. சந்தின் வாசலில் நிற்கும் காற்றுக்கு மேலே வானம் திறந்திருக்கிறது, பக்கங்களும் திறந்திருக்கின்றன. வழி நெருக்கினால் ஒரு பெரும் பங்கு மேலேறியோ சுற்றியோ போய்விடுகிறது. கணினி வழியே இதை ஆராய்ந்தவர்கள், புனல்போல் குறுகும் அமைப்புகளில் பலவற்றில் எதிர்பார்த்த அளவுக்குக் காற்று உள்ளே போவதே இல்லை என்று கண்டார்கள்.

சந்தில் நீங்கள் உணரும் வேகம் பெரும்பாலும் கட்டட முனைகளில் சுற்றி வரும் காற்றும், முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடும் சேர்ந்து உண்டாக்குவது. ஆகவே, “இரண்டு மாளிகைகளைப் புனல்போல நிறுத்தினால் பின்னால் இருக்கும் குடியிருப்புக்குத் தென்றல் பாயும்” என்று யாராவது வரைபடத்தைக் காட்டினால், சோதித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

எவ்வளவு வேகம் வரை தாங்கலாம்? எப்போது ஆபத்து?

என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் டாம் லாசன் வகுத்த அளவுகோலின் இன்றைய வடிவம் ஒன்று, உட்கார்ந்திருப்பதற்கு நொடிக்கு 4 மீட்டர், நிற்பதற்கு 6, உலாவுவதற்கு 8, விரைந்து நடப்பதற்கு 10 என்று எல்லை வைக்கிறது. ஓர் ஆண்டின் மணிநேரங்களில் 5 சதவீதத்துக்கு மேல் காற்று அந்த எல்லையைத் தாண்டினால், அந்த இடம் அந்தச் செயலுக்கு ஏற்றதில்லை. நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ., முதியவர்களையும் மிதிவண்டியில் செல்பவர்களையும் நிலைகுலையச் செய்யும் வேகம். நெதர்லாந்தின் 2006ஆம் ஆண்டுத் தரவிதி நொடிக்கு 5 மீட்டரை வசதிக்கான எல்லையாகவும் 15 மீட்டரை ஆபத்துக்கான எல்லையாகவும் எடுத்துக்கொள்கிறது.

வேகம் இரு மடங்கானால் காற்றின் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதை மறந்துவிடக் கூடாது. நொடிக்கு 10 மீட்டர் காற்று வளர்ந்த ஒருவரை ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளுகிறது. 20 மீட்டரில் அது 17 கிலோ. அதுவும் மெதுவாகக் கூடாமல், கட்டட முனையைத் தாண்டும் ஓர் அடியில் திடீரென்று வந்து மோதும். விழுபவர்கள் விழுவது அந்த ஓரடியில்தான்.

வெப்ப நாளில் காற்று எவ்வளவு உதவும்?

நிறைய. நொடிக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டாத மென்காற்றே, உடலுக்கு 2 முதல் 3 டிகிரி வெப்பம் குறைந்ததைப்போன்ற இதத்தைத் தரும். நம் நடை வேகத்தைவிடக் குறைவான காற்று அது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட விதிகள் தெருக்காற்றைத் தணிப்பதிலேயே குறியாக இருக்கும். வெப்ப நாடுகளுக்கு வேண்டியது நேர்மாறானது. அந்த விதிகளை அப்படியே எடுத்துவந்து ஒட்டுவதை நான் ஏற்பதில்லை.

மரங்கள் காற்றைத் தூய்மைப்படுத்தும் என்கிறார்களே?

இலைகளில் கொஞ்சம் தூசி படியும். ஆனால் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, வாகனம் நெரியும் தெருவில், தழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரை போட்டதுபோல் மூடிவிட்டால், தெருவுக்குள் சுற்றும் சுழலின் வேகம் குறைந்து புகை கீழேயே தங்கும். சிறு மாதிரிகளை வைத்துக் காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனைகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு யாரும் கோடரியை எடுத்துவிடக் கூடாது. மரம் தரும் நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் ஈடில்லை. அத்தகைய தெருவில் மரங்களை இடைவெளிவிட்டு நடலாம், அடிக்கிளைகளைக் கழித்துத் தழையை உயர்த்தலாம். திறந்த அகலச் சாலையில் நடைபாதைக்கும் வாகனத்துக்கும் இடையே அடர்ந்த வேலிச்செடி வைத்தால் அது புகையை நன்றாகவே தடுக்கும். குறைக்க வேண்டியது புகையை, மரத்தை இல்லை.

காற்றே வீசாத நாளில் தெருவில் எதுவும் நகராதா?

நகரும், மெதுவாக. வெயில் காய்ந்த சுவரை ஒட்டிச் சூடான காற்று மேலேறும். ஓடும் வாகனங்களே காற்றைக் கலக்கிவிடும். அமைதியான நாளில் புகையைச் சிதறடிப்பதில் அவற்றுக்குக் கணிசமான பங்கு உண்டு. இரவில் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதால், வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று மையத்தை நோக்கி மெல்ல ஊர்ந்து வரும்.

மலைச்சரிவு உள்ள ஊர்களில் இன்னும் ஒரு கொடை உண்டு. மாலையில் சரிவுகள் குளிர்ந்ததும், அவற்றைத் தொட்ட காற்று கனத்துப்போய்த் தண்ணீர்போலப் பள்ளத்தை நோக்கி வழியும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஒரு பானைக்குள் இருப்பதுபோல மலைகள் சூழ்ந்த நகரம், காற்று குறைவு. அங்கே 1938 முதலே நகர நிர்வாகத்துக்குள் தட்பவெப்பத்துக்கென்று தனி ஆள்கள் இருக்கிறார்கள். குளிர்காற்று எந்தெந்தச் சரிவு வழியாக இறங்குகிறது என்று வரைபடம் போட்டு, அந்த வழிகளில் கட்டடம் எழுந்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓடைக்கு நிலத்தை விட்டுவைப்பது எளிதான முடிவில்லை. அதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கடலோர நகரங்களில் காற்றுக்கு என்ன குறை?

முதல் வரிசைதான் குறை. கடலைப் பார்த்த வீட்டுக்கு மதிப்பு அதிகம் என்பதால் கரையோரம் நெடிய கட்டடங்கள் தோளோடு தோள் உரசி எழுகின்றன. கடற்காற்று முதலில் அங்கே முட்டி, கூரைக்கு மேல் தாவி, பின்னால் இருக்கும் வீடுகளைத் தொடாமலே போய்விடுகிறது.

ஹாங்காங் இதைக் கசப்பாகக் கற்றது. அங்கே கரையோரக் கட்டட வரிசைகளை மக்கள் மதில் என்றே அழைத்தார்கள். 2003இல் சார்ஸ் என்ற மூச்சுமண்டலத் தொற்றுநோய் பரவியபோது அமோய் கார்டன்ஸ் என்ற குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். கழிவுக்குழாய் வழியே வந்த கிருமி, வீடுகளுக்கு நடுவே இருந்த குறுகிய காற்றுவெளியில் மேலேறிப் பரவியதாக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். காற்றோட்டம் பொதுநலப் பிரச்சினை என்பதை அந்த நகரம் அப்போது ஏற்றுக்கொண்டது. 2006 முதல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி, உயரங்களில் ஏற்றத்தாழ்வு, தெருவை முழுவதும் அடைக்கும் அகன்ற அடித்தளங்களைக் குறைத்தல், காற்றின் திசைக்கு ஒத்துப்போகும் அகலத் தெருக்கள் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது.

ஒரே உயரத்தில் சீவிவிட்டதுபோன்ற கூரைகளைவிட, உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கும் கூரைகள் காற்றைக் கீழே இறக்குவதில் கெட்டிக்காரத்தனமானவை. லீட்ஸில் ஆளைக் கொன்ற அதே விசை, அளவாகவும் திட்டமிட்டும் கையாண்டால் புழுங்கும் தெருவுக்கு உயிர் கொடுக்கும்.

பழங்காலத்தில் இதைப் பற்றி யோசித்தார்களா?

நம்மைவிட அதிகமாக. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தெருக்கள் காற்றுக்கு நேராக அமையக் கூடாது, கட்டட முனைகளில் காற்று மோதி உடைய வேண்டும் என்று எழுதினார். லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி நகரத்தைத் தவறுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்: அழகாகக் கட்டிய ஊர், ஆனால் தென்காற்று வீசினால் நோய், வடமேற்குக் காற்று வீசினால் இருமல், வடகாற்றில் உடல் தேறும், ஆனால் குளிரில் தெருவில் நிற்க முடியாது.

ஈரானின் யஸ்து நகரத்தில் வீட்டுக்கு மேல் காற்றுக் கோபுரம் எழுப்பினார்கள். தெருவுக்குள் வராத காற்றைக் கூரைக்கு மேல் போய்ப் பிடித்து, கூடத்துக்குள் இறக்கும் உபாயம் அது. அங்குள்ள தௌலதாபாத் தோட்டக் கோபுரம் 33 மீட்டர் உயரம்.

நம் மொழியிலும் ஒரு சான்று இருக்கிறது. பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காட்சிக்காக வைத்த கண்ணாடி என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இல்லை. காற்று வந்துபோகும் வழி என்பதுதான் அதன் பொருள்.

சன்னலைத் திறந்தாலும் வீட்டுக்குள் காற்று வரவில்லையே?

வெளியேற வழியில்லாத இடத்துக்குள் காற்று நுழையாது. ஒரு பக்கம் மட்டும் சன்னல் இருந்தால் அறை நிரம்பிய பாத்திரம்போலத்தான். எதிர்ச்சுவரிலோ பக்கச்சுவரிலோ இன்னொரு திறப்பு வேண்டும். இடையிலுள்ள கதவும் திறந்திருக்க வேண்டும். தெருவில் சுழல் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த நேரத்தில் எந்தச் சன்னல் நல்ல காற்றைத் தரும், எது கீழ்த்தெருப் புகையை ஏற்றிக்கொண்டு வரும் என்பதும் தெரிந்துவிடும்.

கட்டுவதற்கு முன்பே காற்றைக் கணிக்க முடியுமா?

முடியும், அறுபது ஆண்டுகளாக முடிகிறது. கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆலன் டேவன்போர்ட் 1965இல் கட்டடங்களுக்கென்றே ஒரு காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். புதிய கட்டடத்தையும் அதைச் சுற்றிச் சில நூறு மீட்டர் வரை உள்ள கட்டடங்களையும் முந்நூறில் ஒரு பங்கு போன்ற அளவில் சிறிதாகச் செய்து, சுழலும் மேடையில் வைத்து, பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி 36 திசைகளிலும் காற்றை வீசிப் பார்ப்பார்கள். இப்போது அதே வேலையைக் கணினியிலும் செய்கிறார்கள். லண்டனின் மையமான சிட்டி பகுதி 2019இல் உயரமான கட்டடங்களுக்கான காற்று வழிகாட்டி விதிகளை வெளியிட்டது.

கருவி இருக்கிறது, விதிகளுக்கு முன்மாதிரி இருக்கிறது. இல்லாதது, வரைபடம் முடிவாகுமுன் இதைக் கேட்கும் பழக்கம். முகப்புக் கண்ணாடியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு காற்றைச் சோதிப்பது பெரும்பாலும் வீண்.

கட்டி முடித்துவிட்டார்கள். இனி என்ன செய்யலாம்?

வாசலுக்கு மேல் அகலமான விதானம் அமைத்தால் சுவரோடு வழிந்து வரும் காற்றை அது இடையில் தடுக்கும். முனைகளில் ஓட்டையுள்ள தடுப்புகளையோ அடர்ந்த செடிகளையோ வைக்கலாம். முழுக்க அடைத்த சுவர் கூடாது. அதன் பின்னால் புதிதாக ஒரு சுழல் பிறக்கும். பாதிக்குப் பாதி திறப்புள்ள தடுப்பு காற்றைச் சலித்து அனுப்பும். வாசலை முனையிலிருந்து நடுப்பகுதிக்கு மாற்றுவதும் உதவும். இருக்கை போடும் இடத்தை மாற்றுவது செலவில்லாத வழி.

சில கட்டடங்கள் காற்றில் ஊளையிடுகின்றனவே?

மெல்லிய தகடு, கம்பி, கண்ணாடி விளிம்பு ஆகியவற்றைத் தாண்டும்போது காற்று ஒரே தாளத்தில் சுழல்களை உதிர்க்கிறது. அந்தத் தாளம் ஒலியாகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2006இல் எழுந்த பீத்தம் கோபுரத்தின் உச்சியிலுள்ள கண்ணாடித் தகடுகள் எழுப்பும் முனகல் பரவலாக அறியப்பட்டது.

என் தெருவில் காற்று எப்படிப் போகிறது என்று நானே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஒரு குச்சியின் நுனியில் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய கம்பளி நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் முதலில் பிடித்து, நூல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உடனே கீழே இறங்கி, இரு பக்க நடைபாதைகளிலும், தெரு நீளத்தின் நடுப்பகுதியிலும், முனையிலும், உயரமான கட்டடம் இருந்தால் அதன் மூலையிலும் பிடித்துப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடமாவது நில்லுங்கள். காற்று ஓய்ந்து ஓய்ந்துதான் வரும். சோப்புக் குமிழி ஊதத் தெரிந்த குழந்தை உடன் வந்தால் இன்னும் நல்லது, ஏறுவதையும் இறங்குவதையும் குமிழிதான் சரியாகக் காட்டும். காலையிலும் மாலையிலும், பருவம் மாறிய பிறகும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

பெரும்பாலும் முதல் நாளிலேயே ஏதாவது ஓர் இடத்தில் நூல் நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நீளும். அங்கேயே நின்று மேலே பாருங்கள். எந்தச் சுவர் அதைச் செய்கிறது என்று தெரிந்துவிடும்.